முன்னிசையிலேயே சிரிக்கும் கூட்டம்

2018ல் சிங்கப்பூர் மரினா பே சேண்ட்ஸ் அரங்குக்கு, அபா என்ற ஸ்வீடன் பாப் குழுவின் பாட்டுகளை வைத்துக் கட்டிய 'மாமா மியா' இசை நாடகம் வந்திருந்தபோது அம்மாவை அழைத்துப் போனேன். டிக்கெட் எடுத்து அம்மா பார்த்த முதல் மேடை நாடகம் அது. விலையைக் கடைசிவரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

ஆனால் பாட்டுகள் அத்தனையும் அவருக்குத் தெரியும். 1970களின் கடைசியில் ஜூரோங்கில் ஓர் ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர். ஆட்கள் தூங்கி வழியக்கூடாது என்று ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்குமாம். அதில் அபா குழுவின் பாட்டு தினமும் உண்டு. அர்த்தம் பாதி புரியாமலேயே மெட்டும் சொல்லும் ஒட்டிக்கொண்டன என்பார்.

நாடகத்தில் ஓர் இடம். மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள், தாய் டோனா அறைக்குள் போய் அழுகிறாள். பழைய தோழிகள் இருவர் தேற்ற வருகிறார்கள். ஒருத்தி மெதுவாக வாயைத் திறக்கிறாள். 'சிகிட்டீட்டா' பாட்டு. அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் முன் இன்னொரு சிரிப்பு, முதலைவிடப் பெரியது. இசையின் முதல் துளியிலேயே பாட்டைக் கண்டுகொண்டவர்கள் முதல் அலை. சொல் காதில் விழுந்த பிறகு கண்டுகொண்டவர்கள் இரண்டாவது அலை. அம்மா முதல் அலையில் இருந்தார். நான் இரண்டாவதில், அதுவும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்ததால்.

இடைவேளையில் கேட்டேன்: "ஏம்மா சிரிச்சீங்க? அவ அழுதுக்கிட்டுல்ல இருந்தா?"

"பின்ன? அந்தப் பாட்டக் கொண்டாந்து எங்க வச்சிருக்காங்க பாரு!"

எந்த நாடக விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் படித்ததில்லை. மேடையில் நகைச்சுவை எதுவும் நடக்கவில்லை. சிரிக்க வைத்தது பாட்டு வைக்கப்பட்ட இடம். ஏற்கெனவே ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டுகளை வைத்துக் கட்டும் இந்த வகை நாடகத்துக்கு ஆங்கிலத்தில் ஜூக்பாக்ஸ் மியூசிக்கல் என்று பெயர். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் கேட்ட பாட்டைப் பாடும் அந்தக் காலத்துப் பெட்டிதான் ஜூக்பாக்ஸ். பெயரிலேயே ஒரு நக்கல் இருக்கிறது. காசு போட்டாய், பாட்டு வந்தது, இதில் கலை எங்கே என்கிற நக்கல். விமர்சகர்கள் பல ஆண்டுகளாக இதையே சொல்லி வருகிறார்கள். கூட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

2002 மே மாதம் லண்டன் டொமினியன் அரங்கில் குவீன் குழுவின் பாட்டுகளை வைத்து 'வீ வில் ராக் யூ' தொடங்கியபோது பத்திரிகைகள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டன. அது 12 ஆண்டுகள் ஓடி 2014ல்தான் இறங்கியது. 2008ல் நம் எஸ்பிளனேட் அரங்குக்கும் வந்தது. 'மாமா மியா' 1999 ஏப்ரலில் லண்டனில் தொடங்கி, 2001 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அந்த நகரம் அப்போது வேறு எதற்கும் சிரிக்கத் தயாராக இல்லை. அங்கே அது 14 ஆண்டுகள் ஓடியது.

சரி, தெரிந்த பாட்டைப் போட்டால் கூட்டம் வரும், இதில் விளக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அப்படியானால் இதே சூத்திரத்தில் செய்த மற்ற நாடகங்களும் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பீச் பாய்ஸ் குழுவின் பாட்டுகளை வைத்து 2005ல் பிராட்வேயில் வந்த 'குட் வைப்ரேஷன்ஸ்' 94 காட்சியோடு மூடியது. அதே ஆண்டு ஜான் லெனனைப் பற்றி வந்த நாடகம் 49 காட்சி. மறு ஆண்டு பாப் டிலன் பாட்டுகளுக்கு நடனம் அமைத்து வந்தது 28 காட்சி. ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டுகளை வைத்து 2012 டிசம்பரில் லண்டனில் தொடங்கிய 'விவா ஃபாரெவர்' அடுத்த ஜூனில் முடிந்தது. இவை எதிலும் பாட்டு தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்திருக்கவில்லை. தெரிந்த பாட்டு கூட்டத்தை வாசல்வரைதான் கொண்டுவருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு முன், தமிழர்களாகிய நாம் இதில் புதியவர்கள் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததை நாம் அன்றே செய்தோம் என்கிற வழக்கமான மார்தட்டல் இல்லை இது. அவர்களும் அன்றே செய்தார்கள். 1728ல் லண்டனில் ஜான் கே எழுதிய 'பிச்சைக்காரர் ஆப்பெரா'வில் 69 பாட்டு. பெரும்பாலானவை தெருவில் எல்லாரும் பாடிக்கொண்டிருந்த மெட்டுகள், வரிகள் மட்டும் புதியவை. அச்சடித்த நாடகப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே எந்த மெட்டு என்று போட்டிருக்கும். இது எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதா? நம் ஊர்ப் பஜனைப் புத்தகங்களையும் பழைய பாட்டுப் புத்தகங்களையும் எடுத்துப் பாருங்கள். பாட்டுக்கு மேலே இன்ன பாட்டின் மெட்டு என்று இருக்கும். ஐயப்ப சீசனில் சினிமா மெட்டில் சரணம் பாடுபவர்கள் செய்வதும் இதுதான். கேட்பவர் காதில் இரண்டு பாட்டும் சேர்ந்தே ஓடும், ஒன்று வாயில், ஒன்று நினைவில்.

நாடகத்துக்கு வந்தால் இன்னும் சுவாரசியம். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகை என்று ஒன்றே கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். அது எப்படி நடக்கிறது? பாட்டு எல்லாருக்கும் தெரியும் என்பதால் நடக்கிறது. கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். வள்ளி திருமணத்தில் அடுத்து என்ன ஆகும் என்று அறிய யாரும் விடிய விடிய உட்கார்ந்ததில்லை. இந்த வள்ளி அந்தப் பாட்டை எப்படி எடுக்கிறாள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். பிடித்தால் 'ஒன்ஸ் மோர்'. கிட்டப்பா காலத்தில் கதை பாட்டுக்கு வழிவிட்டு நின்றது. தெரிந்த பாட்டு நாடகத்துக்கு இழுக்கு என்கிற எண்ணமே நம் மேடையில் இருந்ததில்லை.

இப்போது அம்மாவின் சிரிப்புக்கு வருவோம்.

'மாமா மியா'வைத் தயாரித்த ஜூடி கிரேமருக்கு அந்த யோசனையைக் கொடுத்ததே ஒரு பாட்டுதான், 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்'. அதில் ஒரு முழு நாடகமே இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. கதை எழுத வந்த கேத்தரின் ஜான்சனுக்கு இருந்த நிபந்தனை, பாட்டுக்காகக் கதை வளையலாம், கதைக்காகப் பாட்டு வளையக்கூடாது. அங்கங்கே சில சொற்கள் மாறியதோடு சரி. அபா பாட்டுகளை வரிசையாகக் கேட்டபோது, முந்தியவை துள்ளலாகவும் பிந்தியவை அடிபட்ட ஒரு பெண்ணின் குரலாகவும் இருந்ததைப் பிடித்துக்கொண்டார். முந்தியவை மகளுக்கு, பிந்தியவை தாய்க்கு. கதை பிறந்துவிட்டது.

இன்னொரு வசதியும் அந்தப் பாட்டுகளில் இருந்தது. இது என் கணிப்புதான். அபா பாட்டுகளில் பாதி யாரோ ஒருவர் எதிரே நிற்பதுபோல் பேசுபவை. நீ ஏன் இப்படி இருக்கிறாய், எனக்கு ஒரு வாய்ப்புக் கொடு, உன்னையும் தெரியும் என்னையும் தெரியும் என்றெல்லாம். பாட்டாகக் கேட்டபோது அது வெறும் வரி. மேடையில் ஓர் ஆளைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியதும் அது வசனம் ஆகிவிடுகிறது. நாற்பது வருடமாகத் தெரிந்த வரி திடீரென்று ஒரு கேள்விக்குப் பதிலாக வந்து நிற்கும்போது கூட்டம் சிரிக்கிறது. பொருத்தம் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, விடுகதை அவிழும்போது வருவதுபோல.

பீச் பாய்ஸ் பாட்டுகளுக்கு இந்த வசதி குறைவு. கடல், வெயில், கார், பெண் என்று ஒரு மனநிலையைப் பாடுபவை அவை. மனநிலையை எதிராளியிடம் எப்படிச் சொல்வது? பாடிவிட்டுக் கதைக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்போது கூட்டம் பாட்டுக்குக் கைதட்டும், கதை வந்ததும் கடிகாரத்தைப் பார்க்கும்.

சிரிப்பைவிட எனக்கு வியப்பாக இருந்தது அந்தச் சிரிப்பு நின்ற இடம். இரண்டாம் பாதியின் பிற்பகுதியில் டோனா தன் பழைய காதலனைப் பார்த்து 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாடுகிறாள். கூட்டத்தில் யாருக்கும் தெரியாத பாட்டில்லை. முன்னிசை வந்ததும் யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். இருமல்கூட இல்லை. அத்தனை நேரம் பாட்டின் தலையில் ஏறி உட்கார்ந்து விளையாடிய கூட்டம், இப்போது பாட்டைக் கதையிடம் ஒப்படைத்துவிட்டது. அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை.

இந்த வகை நாடகம் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த ஒப்படைப்பில்தான். முதலில் கூட்டம் தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டும், ஆசைதீரச் சிரிக்க வேண்டும். அப்புறம் ஏதோ ஒரு கட்டத்தில் தெரிந்ததை மறக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அது நாடகமும் இல்லை, கச்சேரியும் இல்லை.

பாட்டைப் பிடித்துவைத்துக் கொடுப்பதும் ஒரு வித்தை. 'வாட்டர்லூ' இல்லாமல் அபா நாடகமா? ஆனால் அந்தப் பாட்டைக் கதைக்குள் எங்கேயும் வைக்கவில்லை. எல்லாம் முடிந்து நடிகர்கள் வணக்கம் சொன்ன பிறகு, பளபள உடையில் வந்து கச்சேரியாகவே பாடிவிட்டுப் போகிறார்கள். குவீன் நாடகம் இதை இன்னும் குறும்பாகச் செய்தது. வணக்கம் முடியும்வரை 'பொஹீமியன் ராப்சடி' வராது. அப்புறம் திரையில் எழுத்து ஓடும்: அந்தப் பாட்டு வேண்டுமா? கூட்டம் கத்தும். சரி, போடுகிறோம் என்று பதில் வரும். எஸ்பிளனேடில் அன்று என் பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுத்து வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டார்.

'ஜெர்சி பாய்ஸ்' வேறு வழியில் போனது. 2005 நவம்பரில் பிராட்வேயில் தொடங்கி, மறு ஆண்டு சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது வாங்கி, 2012 இறுதியில் நம் மரினா பே சேண்ட்ஸுக்கும் வந்த நாடகம். ஃபோர் சீசன்ஸ் என்ற பாட்டுக் குழு எப்படி உருவானது, எப்படி உடைந்தது என்பது கதை. தொடங்குவது அவர்கள் பாட்டோடுதான், ஆனால் பல வருடம் கழித்துப் பிரெஞ்சு மொழியில் ராப் ஆக்கப்பட்ட வடிவத்தில். கூட்டம் முழிக்கிறது. தெரிந்ததுபோல் இருக்கிறது, தெரியவில்லை. அதன்பின் முதல் பெரிய ஹிட்டான 'ஷெரி' வருவதற்கு வெகுநேரம் ஆகிறது. அதற்குள் நான்கு பையன்களின் திருட்டு, சிறை, பணமுடை எல்லாம் பார்த்துவிடுகிறோம். 'ஷெரி' வந்ததும் விழும் கைதட்டல் யாருக்கு? மேடையில் அந்தக் குழு முதல் வெற்றியைத் தொடுகிறது, கதையில் இருக்கும் ரசிகர்களும் கைதட்ட வேண்டிய இடம், நாமும் தட்டுகிறோம். கூட்டமே கதாபாத்திரம் ஆகிவிடுகிறது. பாடகர் வாழ்க்கையைச் சொல்லும் நாடகங்களுக்கு இருக்கும் வசதி இது. பாட்டை வசனம் ஆக்க வேண்டிய கஷ்டம் இல்லை, அவர்கள் பாடகர்கள், பாடுகிறார்கள்.

தெரிந்த பாட்டுக்கு உடம்பு ஏன் இப்படித் துள்ளுகிறது என்பதற்கும் கொஞ்சம் விளக்கம் உண்டு. 2011ல் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புல்லரிக்க வைக்கும் தங்கள் விருப்ப இசையைக் கேட்டவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோப்பமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரப்பது உச்சக்கட்ட நொடியில் மட்டும் அல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும்தான் என்று தெரிந்தது. வரப்போவது தெரிந்தால்தானே காத்திருக்க முடியும்? பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டு மற்றவற்றைவிட அழுத்தமாகத் தங்கும் என்பதும் நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. 2023ல் 'அண்ட் ஜூலியட்' சேண்ட்ஸ் அரங்குக்கு வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். மேக்ஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன் பாடலாசிரியர் பல பாப் பாடகர்களுக்கு எழுதிக் கொடுத்த பாட்டுகளின் தொகுப்பு அது. அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட, 1990களின் கடைசியில் பதின்ம வயதில் இருந்தவர்கள் என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் அலறினார்கள். என்னோடு வந்த சித்தப்பா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார்.

அலறலோடு நின்றால் பரவாயில்லை. கூடவே பாடலாமா என்பதுதான் இப்போதைய சண்டை. 2023 ஏப்ரலில் மான்செஸ்டரில் 'தி பாடிகார்ட்' நாடகத்தின் கடைசிப் பகுதியில், விட்னி ஹியூஸ்டன் பாடிப் புகழ்பெற்ற பாட்டு வரும்போது பார்வையாளர்கள் சிலர் மேடையை மிஞ்சிப் பாடியதால் காட்சியையே நிறுத்தி, போலீசை அழைத்து ஆட்களை வெளியேற்றினார்கள். படித்தபோது எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. டிக்கெட் எடுத்தவர் கேட்க வந்தது மேடையில் இருப்பவரின் குரலை, பக்கத்து இருக்கையின் குரலை இல்லை. அதே சமயம், வாரக்கணக்கில் விளம்பரத்தில் பாட்டைக் காட்டி இழுத்துவிட்டு, வந்தபின் வாயை மூடு என்றால் கொஞ்சம் வேடிக்கைதான்.

தமிழர் நிறைந்த அரங்கில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நம் மெல்லிசைக் கச்சேரிகளில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டாவிட்டால் கோபித்துக்கொள்கிறோம். வானொலியில் அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்த கூட்டம் இது. ஓர் எழுத்தைக் கொடுத்தால் பல்லவி வரும், இரண்டு நொடி இசையைக் கொடுத்தால் படம், வருடம், பாடியவர், எழுதியவர் எல்லாம் வரும். வீட்டுச் சண்டையில்கூடப் பதிலைப் பாட்டு வரியாகச் சொல்லும் ஆட்கள். உலகத்திலேயே ஜூக்பாக்ஸ் நாடகத்துக்கு இதைவிடப் பயிற்சி பெற்ற கூட்டம் இருக்க முடியாது.

அப்படியும் தமிழில் ஒரு 'மாமா மியா' ஏன் வரவில்லை? ஆங்கில பாப் பாட்டுக்குச் சொந்தமாகக் கதை கிடையாது. கேட்டவர் ஒவ்வொருவரும் தன் கதையை அதில் வைத்திருப்பார், அம்மா ஜூரோங் ஆலையை வைத்திருந்ததுபோல. நாடகக்காரர் வந்து இன்னொரு கதையை வைத்தால் இடம் இருக்கிறது. நம் பாட்டு அப்படியா? அது பிறக்கும்போதே கதை, காட்சி, முகம் எல்லாவற்றோடும் பிறக்கிறது. 'தைய தையா' என்றால் மலைரயிலின் கூரை கண்ணுக்குள் வராமல் இருக்குமா? அந்தப் பாட்டை எந்த மேடையில் யார் பாடினாலும் ரயில் குறுக்கே ஓடும்.

2002 ஜூனில் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரித்த 'பாம்பே ட்ரீம்ஸ்' இதற்கு நல்ல சாட்சி. ஏ.ஆர். ரஹ்மான் இசை. அந்த ரயில் பாட்டின் இந்தி வடிவமும் அதில் உண்டு. 1999ல் 'முதல்வன்' படத்தில் வந்த 'ஷக்கலக்க பேபி'யும், மேடையில் நிஜ நீரூற்று பீய்ச்சியடிக்க, ஆங்கிலத்தில் வந்தது. லண்டன்காரருக்கு அது புத்தம் புதுப் பாட்டு, கதையோடு சேர்த்து ரசித்திருப்பார். நம்மவருக்கு அது 'முதல்வன்'. ஒரே பாட்டு, பக்கத்து இருக்கைகளில் இரண்டு நாடகம். லண்டனில் இரண்டு ஆண்டு ஓடியது.

இதில் ஒரு விதிவிலக்கு வகை உண்டு என்பது என் நெடுநாள் கட்சி: மைக் மோகன் பாட்டுகள். 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' மாதிரி, கதாநாயகனே மேடைப் பாடகனாக வருபவை. அந்தப் பாட்டுகளுக்குள் ஏற்கெனவே ஒரு மேடையும் மைக்கும் கூட்டமும் இருக்கின்றன. அவற்றை எடுத்து நாடகத்தில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்காது. தமிழில் 'ஜெர்சி பாய்ஸ்' எழுத நினைப்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.

நம் ஊரிலேயே சீனர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1970களின் கடைசியிலும் 80களிலும் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்கள் கிட்டாரை வைத்துக்கொண்டு மாண்டரினில் சொந்தமாக எழுதிப் பாடிய சின்யாவ் பாட்டுகள் இங்கே ஓர் அலையாக எழுந்தன. அவர்களில் முக்கியமானவரான லியாங் வெர்ன் ஃபூக்கின் பாட்டுகளை வைத்து, தியேட்டர் பிராக்டிஸ் நாடகக் குழு 2007ல் ஓர் இசை நாடகம் போட்டது. குளிர் வந்தால் திரும்பி வா என்று பொருள்படும் தலைப்பு. பிறகு மீண்டும் மேடையேற்றினார்கள். அந்தப் பாட்டுகளில் எந்த நடிகரின் முகமும் கிடையாது. கேட்பவருக்கு வருவது பள்ளித் தாழ்வாரமும் தன் சொந்த முகமும்தான். சிங்கப்பூர்த் தமிழரான நமக்கு அப்படி ஒரு பாட்டு மூட்டை இல்லை. நம் இளமை நினைவுகளுக்குப் பின்னணி இசை கோடம்பாக்கத்திலிருந்து கப்பலேறி வந்தது. எஸ். ஜேசுதாசன் எழுதி இசையமைத்த 'முன்னேறு வாலிபா' ஒன்றைத்தான் சட்டென்று சொல்ல முடிகிறது. முன்னிசை வந்ததும் சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்து பாடும் ஒரே தமிழ்ப் பாட்டு. அதற்குப் பின்னால் ஓடும் படமும் சினிமா இல்லை, தேசிய தினமும் பள்ளிச் சீருடையும்தான்.

உரிமைப் பிரச்சினை தனிக் கதை. பாட்டைக் கச்சேரியில் பாட இங்கே கம்பாஸ் அமைப்பிடம் உரிமம் வாங்கலாம். அதே பாட்டைக் கதாபாத்திரத்தின் வாயில் வைத்து நாடகத்தின் பகுதியாக்கினால் அது வேறு உரிமை, உரிமையாளரிடமே நேராகப் போக வேண்டும். அபாவுக்குப் போக வேண்டிய கதவு ஒன்று. தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர், பாடலாசிரியர், தயாரிப்பாளர், இசைத்தட்டு நிறுவனம் என்று நாலு கதவு. எது யாருடையது என்பதிலேயே வழக்குகள் நடக்கின்றன. 2017ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, அனுமதியின்றித் தன் பாட்டுகளைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. அவருக்கே அப்படி என்றால் சமூக மன்ற நாடகக்காரர்கள் எம்மாத்திரம்?

எம்மாத்திரம் என்பது எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து ஒரு சமூக மன்றத்தில் சின்ன நாடகம் போட்டோம். ஒரே நாள், மாலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டு காட்சி. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர், மகளோடு மூவறை வீட்டில் இருக்கிறார். நடுவில் 80களின் இளையராஜா பாட்டு ஒன்று. அந்த ஒரு பாட்டுக்கு அனுமதி வாங்க மின்னஞ்சலோடு நான் அலைந்தது இரண்டு மாதம்.

மாலைக் காட்சியில் நடிகரே பாடினார். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, அழுகையை அடக்கியபடி. அப்படித்தான் எழுதியிருந்தோம். புல்லாங்குழல் முன்னிசை வந்ததுமே கைதட்டல். மூன்றாவது வரிசையிலிருந்து யாரோ படத்தின் கதாநாயகன் பெயரைச் சொல்லிக் கூவினார். பல்லவிக்கு வருவதற்குள் பாதி மண்டபம் பாடிக்கொண்டிருந்தது, நடிகரைவிட அரைத்தாளம் முன்னால். அவர் தடுமாறி ஒரு வரியை விட்டார். கூட்டம் அந்த வரியை எடுத்துக் கொடுத்தது. சிரிப்பு. மனைவியை இழந்தவர் அந்தர்த்தானமாகி, அங்கே பாட்டுப் போட்டியில் வரி மறந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு காட்சிக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம். மண்டபத்துக்குப் பின்னால் கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒலி பார்த்துக்கொண்டிருந்த பையன்தான் சொன்னான், "அண்ணே, அவர் ஏன் பாடணும்? ரேடியோல பாடட்டும்."

இரவுக் காட்சியில் சமையலறை மேசைமேல் ஒரு வானொலி. பாட்டு அதிலிருந்து வந்தது. அவர் பாடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் வழக்கம்போல் முன்னிசையிலேயே கைதட்டியது, கூடவே பாடவும் தொடங்கியது. ஆனால் இந்தமுறை அது எங்களுக்கு எதிராக இல்லை. மேடையில் அவர் பாடாமல் இருப்பதைக் கூட்டம் கவனித்துவிட்டது. முதல் சரணத்தில் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. சரணம் முடிந்ததும் மகள் வேலையிலிருந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் வானொலியை நிறுத்தினாள். அவர் நறுக்குவதை நிறுத்தினார். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

காட்சி முடிந்து வாசலில் வடைப் பொட்டலங்கள் கொடுத்துக்கொண்டிருந்தோம். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"தம்பி, நாடகம் ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. ஆனா அந்தப் பாட்டுக்கு ரெண்டாவது சரணம்தான் உயிரு. அதுக்குள்ள எதுக்கு ரேடியோவ நிறுத்துனீங்க?"